லினக்ஸுக்கு மாறுகிறீர்களா? கார்டுக்கு முன் டிரைவரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினியை வைத்திருப்பவர்களில் சிலர் லினக்ஸ் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் முதல் சந்தேகங்களில் ஒன்று, எந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒத்துவரும் என்பது.

விண்டோஸில் விலையையும் வேகத்தையும் பார்த்தால் போதும். லினக்ஸில் அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: கார்டை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

உள்ளே இருப்பவை

ஏஎம்டியின் ‘ஏஎம்டிஜிபியு’ டிரைவர் 2015-இல் வந்த கெர்னல் 4.2 முதல் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. இன்டெல்லும் இதே வழிதான். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விளையாட்டுகளுக்கான வல்கன், ஓப்பன்ஜிஎல் கிராஃபிக்ஸ் வேலைகளை ‘மேசா’ என்ற திறந்த மூல மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் ஏஎம்டி சிப்பில் ஓடுவதால், அந்நிறுவனமும் மேசாவை மேம்படுத்தப் பணம் செலவிடுகிறது.

வெளியே இருப்பது

என்விடியாவின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதுவும் ஈடுகொடுக்காவிட்டால் திரை இருண்டுபோகலாம். இந்நிறுவனத்தின் ஒத்துழையாமையை, லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் ஒரு மேடையிலேயே திட்டித் தீர்த்தார்.

இப்போது நிலைமை தேறியிருக்கிறது. ‘டூரிங்’ என்ற தலைமுறை முதலான கார்டுகளுக்கு, கெர்னலோடு பேசும் பகுதியின் மூல நிரலை என்விடியா 2022-இல் வெளியிட்டது. 2024-இல் வந்த 555 டிரைவர், ‘வேலண்டு’ என்ற திரைக்காட்சி முறையில் இருந்த மினுக்கலைப் பெருமளவு குறைத்தது. என்விடியாவின் ‘குடா’ கணிப்புத் தளம் தேவைப்படும் செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கு இன்றும் என்விடியாதான் வசதி. ஆனால் ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பழைய கார்டுகளுக்கு 580 டிரைவர் வரிசையே கடைசி. மலிவாகக் கிடைக்கிறதே என்று லினக்ஸுக்காக அவற்றைப் புதிதாக வாங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

டிரைவர் உள்ளே இருந்தாலும் கெர்னல் பழையதாக இருந்தால் பயனில்லை. 2025 மார்ச்சில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 கார்டை, டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் உள்ள 6.1 கெர்னலுக்கு அடையாளம் தெரியாது. புத்தம் புதிய கார்டு என்றால் ஃபெடோரா போல அடிக்கடி புதுப்பிக்கப்படும் லினக்ஸ் நல்லது.

ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது. எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 ஹெர்ட்ஸை முழுத் தரத்தில் பெற அந்த 2.1 தேவை என்பதால், அத்தகைய மானிட்டர் வாங்குவோர் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேலரண்ட் போன்ற விளையாட்டுகளை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளே லினக்ஸில் ஓட விடாது. எந்தக் கார்டு வாங்கினாலும் அது மாறாது.

வீட்டு உபயோகத்துக்கும் விளையாட்டுக்கும் ஏஎம்டி அல்லது இன்டெல், குடா வேலைக்கு என்விடியா என்று முடிவெடுக்கலாம். பணம் கட்டும் முன், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, கையில் உள்ள கார்டையே சோதியுங்கள். அதுவே போதுமானதாக இருந்தால் செலவு மிச்சம்.