உடல் தூங்க, மனம் விழிக்க

விடியற்காலை நேரம். விழிப்பு வந்துவிட்டது. மேலே மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் ஒரு விரலை அசைக்க முடியவில்லை. கூப்பிடலாம் என்றால் குரல் எழவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் பாரம். கதவோரம் ஓர் ஆள் நிற்பது நிச்சயமாகத் தெரிகிறது. சில நொடிகள், அதிகம் போனால் சில நிமிடங்கள். பிறகு கட்டு அவிழ்ந்ததுபோல் உடம்பு நம் வசம் வந்துவிடும்.

அமுக்குப் பேய், அமுக்குவான் என்று நம் ஊர்களில் இதைச் சொல்வார்கள். தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லும் பாட்டிகள் இன்றும் உண்டு. மருத்துவத்தில் இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு கணக்கின்படி, பொதுமக்களில் சுமார் 7.6 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28.3 விழுக்காடு. அப்படியிருந்தும் இதை வெளியில் சொல்பவரை வீட்டிலேயே கேலி செய்கிறோம், அல்லது மந்திரிக்க அழைத்துப் போகிறோம். இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநியாயம். உடல் கட்டுண்டு கிடந்தது என்று அவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நாதனியல் கிளெய்ட்மனும் தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அலைவதைக் கண்டுபிடித்தார்கள். அதுவே ரெம் தூக்கம். தெளிவான, கதைபோல் விரியும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளை ஆராய்ந்தபோது, இதே கட்டத்தில் கழுத்துத் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதைப் பார்த்தார். மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்ததும் அந்தத் தளர்ச்சி போய்விட்டது. பூனை தூக்கத்திலேயே எழுந்தது, முதுகை வளைத்தது, இல்லாத இரையின் மேல் பாய்ந்தது. எதிரில் உண்மையாக இருந்த எதையும் அது கண்டுகொள்ளவில்லை. கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பூட்டுதான். கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அடக்கிவைக்கின்றன.

பூட்டு திறப்பதற்கு முன்பே மனம் விழித்துக்கொண்டால், அதுதான் தூக்க முடக்கம்.

இந்தப் பூட்டிலிருந்து முக்கியமாக இரண்டுக்கு விலக்கு உண்டு. ஒன்று உதரவிதானம், மற்றது கண்களை அசைக்கும் தசைகள். நெஞ்சு பாரத்தை முதலாவது விளக்குகிறது. உதரவிதானம் தானாக இயங்கி மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் அடங்கிக் கிடக்கின்றன. பயத்தில் ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் மார்பு விரிய மறுக்கிறது. அந்த மறுப்பையே யாரோ அமுக்குவதாக மனம் உணர்கிறது.

கதவோரம் நிற்கும் ஆள்? 2006-இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்கு முன் 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தில் லேசாக மின்தூண்டல் கொடுத்ததும், தனக்குப் பின்னால் ஒரு நிழல் உருவம் இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்திருந்தால் அதுவும் படுத்திருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, அதுவும் உட்கார்ந்து தன்னைக் கட்டிப்பிடிப்பதாகச் சொன்னார். சீட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னபோது, அது சீட்டைப் பிடுங்கப் பார்க்கிறது என்றார். தன் உடல் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று மூளை போடும் கணக்கு குழம்பினால், அந்த உடலே இன்னோர் ஆளாகத் தெரியலாம். தூக்க முடக்கத்தின்போதும் இதுபோன்ற ஒரு குழப்பம் நடக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இரண்டாவது விலக்கான கண்கள் நம்மை வேறொரு அதிசயத்துக்கு அழைத்துப் போகின்றன. கனவு கண்டுகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று சிலருக்குத் தெரிந்துவிடும். இதை லூசிட் ட்ரீமிங் என்கிறார்கள், தெளிவுக் கனவு என்று சொல்லலாம். பல ஆண்டுகள் விஞ்ஞானிகள் இதை நம்பவில்லை. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதற்குச் சாட்சி தேடினார். கனவுக்குள் தெளிவு வந்ததும் கண்களை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட முறையில் அசைக்கும்படி, தெளிவுக் கனவு கண்டு பழகிய ஆலன் வோர்ஸ்லியிடம் சொல்லிவைத்திருந்தார். கை கால் பூட்டப்பட்டவருக்கு வெளி உலகோடு பேச அது ஒரு வழி. ரெம் தூக்கத்தின் நடுவே, பேசிவைத்தபடியே அந்தக் கண்ணசைவுகள் பதிவுக் கருவியின் காகிதத்தில் கோடுகளாக விழுந்தன. சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதை நிறுவினார். 2021-இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் தெளிவுக் கனவு காண்பவர்களோடு உரையாடலே நடத்திக் காட்டின. எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணசைவால் இரண்டு என்று பதில் சொன்னார்.

தூக்க முடக்கமும் தெளிவுக் கனவும் ஒரே எல்லைக்கோட்டில் நடப்பவை. ரெம் தூக்கத்துக்குள் விழிப்புணர்வு நுழைவது இரண்டுக்கும் பொது. 2017-இல் டான் டெனிஸ், ஜூலியா போயரியோ இருவரும் 1,928 பேரிடம் கேட்டறிந்ததில், ஒன்று அடிக்கடி வருபவர்களுக்கு மற்றதும் வர வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. மிதப்பது, சுழல்வது, உடலைவிட்டு வெளியேறுவது போன்ற உணர்வுகளோடு வரும் முடக்கத்துக்குத்தான் இந்த உறவு வலுவாக இருந்தது. மற்றபடி இரண்டோடும் சேர்ந்து வருபவை பெரும்பாலும் வேறு. மோசமான தூக்கம், பதற்றம், வாழ்க்கை நெருக்கடி ஆகியவை முடக்கத்தோடு சேர்ந்திருந்தன. வளமான கற்பனையும் இனிய பகற்கனவுப் பழக்கமும் தெளிவுக் கனவோடு சேர்ந்திருந்தன.

அனுபவப்பட்டவர்கள் சிலர், முடக்கம் வந்தால் போராடாமல் தளர்ந்து கிடந்து, அந்த மிதப்பின் வழியே தெளிவுக் கனவுக்குள் போய்விடுவதாகச் சொல்கிறார்கள். ஆசைப்பட்டு இதில் இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து மறுபடி படுப்பது தெளிவுக் கனவுக்கான பிரபலமான பயிற்சி. ஜப்பானில் டொமோகா டகேயுச்சியும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் தூக்க முடக்கத்தை வரவழைக்கக் கையாண்ட முறையும் ஏறத்தாழ இதேதான்: இரவில் எழுப்பி, விழித்திருக்க வைத்து, மீண்டும் தூங்க விட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும் ஏற்கெனவே தூக்கத்தைக் கடன் வைத்திருப்பவர்கள். அவர்கள் இந்தப் பயிற்சியின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

முடக்கம் அடிக்கடி வருபவர்கள் தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழலாம். மல்லாந்து படுக்கும்போதே இது அதிகம் வருகிறது, எனவே ஒருக்களித்துப் படுப்பது உதவும். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது கால் துவள்வது போன்றவையும் சேர்ந்திருந்தால் அது நார்கோலெப்சி நோயாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவைப்பதும் நல்லது. மூச்சு திடீரென வேகமாவதையோ மெல்லிய முனகலையோ கேட்டால், அவர் தோளைத் தொட்டு உலுக்கினாலே பெரும்பாலும் போதும், முடக்கம் விலகிவிடும்.