மரப்பரணும் ஒரு முடிச்சும்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைப் பருவம். வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் 15, 20 அடி உயரத்தில் சின்ன உலோகப் பரண் கட்டி, அதில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு.

இந்தப் பரண்களுக்கான தரவிதிகளை ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பு வகுத்திருக்கிறது. பல பரண்களில் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். ஆளின் எடையோடு கனத்த உடை, பை, ஆயுதம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

தவறி விழுந்தால் தாங்கிப் பிடிக்க, முன்பு இடுப்பில் ஒற்றை பெல்ட் கட்டினார்கள். விழுந்தால் அது வயிற்றையும் நெஞ்சையும் இறுக்கி மூச்சை நிறுத்திவிடக்கூடும். இப்போது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் வார்தான் வேண்டும். அதிலும் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி ஆபத்தாகும். அதனால்தான் கால் ஊன்றி நிற்க ஒரு நாடாவும் உடன் வருகிறது.

பலர் விழுவது ஏறும்போதோ இறங்கும்போதோதான். ஆகவே மரத்தின் அடியிலிருந்து பரணுக்கு மேல்வரை ஒரு கயிறு. அதில் ‘புரூசிக்’ முடிச்சு. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மேலே போகும். உடல் எடை விழுந்த கணமே கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தரையில் கால் வைத்திருக்கும்போதே வாரை அதில் மாட்டிவிட வேண்டும்.