கடலடிக் காசு – 9: மூட்டைக்கு நடுவே இருந்தவை

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் நடுக்கடலில் ஒரு பாறைத்திட்டு. வெள்ளைக்காரர்கள் ‘கிரேட் பாசஸ்’ என்றார்கள். ஊர்ப்பேச்சில் அது இராவணன் கோட்டை. 1873-இல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். அதற்கு ஏறக்குறைய 170 வருஷம் முன்பே ஒரு கப்பல் அந்தப் பாறையில் மோதி முடிந்துபோயிருந்தது.

1961 மார்ச் மாதம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன், இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம் பிடிக்கப் போனார். தண்ணீருக்கடியில் தட்டுப்பட்டது ஒரு சின்ன வெண்கலப் பீரங்கி. பக்கத்திலேயே வெள்ளி ரூபாய்கள். உதிரியாகவும் கிடந்தன, கட்டி கட்டியாகவும் கிடந்தன. எனக்கு அந்தக் கட்டிகள்தான் அதிசயம். பை எப்போதோ மக்கிவிட்டது. பையின் தொந்தி மட்டும் அப்படியே நிற்கிறது! ஒரு கட்டியில் சுமார் 1,000 ரூபாய். காசு ஒன்று 11.5 கிராம் என்றால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஔரங்கசீப் காலத்து சூரத் அக்கசாலைக் காசுகள். ஹிஜ்ரி 1113, அதாவது 1701–1702. சந்தையில் புழங்கிய பணமாக இருந்தால் நாலு ஊரும் பத்து வருஷமும் கலந்திருக்கும். இது அச்சடித்த கையோடு எண்ணிக் கட்டி ஏற்றிய சரக்கு.

கட்டியின் வெளிப்புறக் காசுகளைக் கடல் தின்றுவிட்டது. உப்புநீரின் குளோரைடும் கந்தகமும் வெள்ளியை அரித்துக் கறுப்பாக்கும். மிச்சத்தை மணல் தேய்க்கும். நடுவில் இருந்த காசுக்கு அக்கம்பக்கத்துக் காசுகளே கவசம். பிரித்தெடுத்தால் நேற்று அடித்த மாதிரி இருக்கும். அந்த வெள்ளி ரூபாயின் பாரசீக ஈரடி காசைப் பௌர்ணமி நிலாவுக்கு ஒப்பிடுகிறது. தங்க மொகராவில் அதே இடத்தில் சூரியன். மூட்டையின் ஓரத்துக் காசுகளில் அந்த நிலா பிறையாகிவிட்டது.

சேகரிப்பவர்கள் பளபளப்பான நடுக்காசுக்கே முட்டி மோதுவார்கள். என்னைக் கேட்டால் ஓரத்துக் காசுதான் கடலைப் பார்த்த காசு. ஆனால் போலி செய்பவருக்கும் அதுதான் வசதி: வார்ப்பில் விழுந்த குழிகளைக் கடல் அரிப்பு என்று சொல்லிவிடலாம்.

ஒரு காசுக் கண்காட்சியில் எனக்கு நேர்ந்தது. “கப்பல் காசு சார், கையில் எடுத்துப் பாருங்க” என்று கடைக்காரர் இரண்டை நீட்டினார். கறுப்பு, குழி, எல்லாம் சரியாக இருந்தன. முகலாய அச்சு காசைவிடப் பெரியது. அதனால் எழுத்து முழுசாக விழாது. காசுக்குக் காசு வேறு வேறு பகுதி விழும். இந்த இரண்டிலும் ஒரே எழுத்து ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. விளிம்பைத் தடவினேன், மெல்லிய ஒட்டுக்கோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு, “அப்ப இது ஒண்ணு போதுமா சார்?” என்றார்.

(தொடரும்)