பள்ளிவாசல் மலையில் ஏறும் நீர்

மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் என்ற ஊரிலிருந்து போத்தமேட்டை நோக்கித் தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவே வளைந்து ஏறும் பாதையில், காலையெல்லாம் நிர்மலமாக இருந்த ஆகாயம் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் மாறிப்போவதையும், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மூடுபனி சரிவைப் பற்றிக்கொண்டு மேலேறி வருவதையும் அடிக்கடி காணலாம். என்னோடு நடந்த நண்பர் அந்தப் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவர். மூடுபனி எந்த மடிப்பில் முதலில் நுழையும், எந்த முகட்டை எப்போது மறைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அது ஏன் கீழிருந்து மேலே வருகிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

சூரிய வெப்பத்தால் மலைச்சரிவு சூடாகும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று, அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே தொங்கும் காற்றைவிட அதிக உஷ்ணமும் குறைந்த கனமும் பெற்றுச் சரிவின் வழியே மேலேறுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழேயுள்ள ஈரக்காற்று தொடர்ந்து வருகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் சொந்த உஷ்ணத்தையே அது செலவிட வேண்டியிருப்பதால், வெளியே யாருக்கும் வெப்பத்தைக் கொடுக்காமலே நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் ஆவியாகவே தாங்க இயலாது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அந்த ஈரம் நுண்துளிகளாகத் திரள்கிறது. அடிவாரத்தில் நிற்பவருக்கு மேகமாகவும் சரிவில் நிற்பவருக்கு மூடுபனியாகவும் தோன்றுவது ஒரே வஸ்துதான்.

இவ்வளவு நீர் ஓசையின்றி ஏறிக்கொண்டிருக்க, நாங்களோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். "இந்த மேட்டை ஏறினதுக்கு ஒரு கணக்கு இருக்குமே, சார்?" என்றார் நண்பர். இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் முந்நூறு மீட்டர் உயரம் ஏறினால், பூமியின் ஈர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை, மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. பத்து வாட் விளக்கு ஒன்று ஐந்து மணி நேரம் எரியப் போதுமானது. அதைச் செய்வதற்கு உடல் ஏறத்தாழ நான்கு மடங்கு சக்தியை எரித்து, மிச்சத்தை வெப்பமாகவும் வியர்வையாகவும் இழக்கிறது. கொழுந்து மூட்டையைச் சுமந்துகொண்டு இந்தச் சரிவுகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் பெண்களின் உழைப்பை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்த்தால், எந்தக் கூலியும் அதற்கு ஈடாகாது என்றே எனக்குத் தோன்றியது.

நீரின் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சூரியன் செலவிடுவது சுமார் 2,400 கிலோஜூல். அதே ஒரு கிலோ நீர் 600 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது திரும்பக் கிடைப்பது ஆறு கிலோஜூலுக்கும் சற்றுக் குறைவு, அதாவது நானூறில் ஒரு பங்கு. ஏனைய பெரும்பகுதி, ஆவி துளியாகும் தருணத்திலேயே உள்ளுறை வெப்பமாக ஆகாயத்துக்குத் திரும்பி, மேகத்தை மேலும் மேலும் உயர்த்தும் சக்தியாகிவிடுகிறது.

ஆயினும் அந்த நானூறில் ஒரு பங்கு அற்பமானதன்று. சோலைக்காடும் புல்வெளியும் உள்ள உச்சிகளில் மழை மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் ஓடைகளாகக் கசிகிறது. மண் தாங்கும் அளவை மழை மீறிவிட்டாலோ சரிவே பெயர்ந்து இறங்குகிறது. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில்பாதையை அழித்தது. 2020 ஆகஸ்டில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் லயங்களின்மீது மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது உயிர்கள் போயின. இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. குடியிருப்பை எங்கே அமைப்பது என்பது சரிவையும் மழையையும் கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டிய காரியம்.

மலையிலிருந்து இறங்கும் நீரின் இதே சக்தியைக் குழாய்க்குள் அடக்கியதுதான் பள்ளிவாசல் பவர்ஹவுஸ். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940 இல் இயங்கத் தொடங்கிய இது, இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். மூணாற்றில் முதிரப்புழையைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கொண்டுவரப்படும் நீர், இரும்புக் குழாய்களில் ஏறக்குறைய 600 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் அறுபது மடங்கு. குழாயின் குறுகிய வாயிலிருந்து பீறிடும்போது அதன் வேகம் வினாடிக்கு நூறு மீட்டரைத் தாண்டக்கூடும். உயரம் அதிகமாகவும் நீரின் அளவு குறைவாகவும் உள்ள இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே, அமெரிக்காவில் லெஸ்டர் பெல்ட்டன் 1880 இல் காப்புரிமை பெற்ற, விளிம்பெல்லாம் கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் இருக்கிறது. பள்ளிவாசலிலும் சுழல்வது அதுவே. நிலையத்தின் மொத்தத் திறன் 37.5 மெகாவாட். 1943 இல் ஆலுவாயை அடுத்து எழுந்த அலுமினியத் தொழிற்சாலை நம்பியிருந்ததும் இந்த மின்சாரத்தைத்தான்.

கீழே வந்த நீர் அத்துடன் விடுபடுவதில்லை. 1954 இல் தொடங்கிய செங்குளம் திட்டத்தில், பள்ளிவாசல் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீரை மின்சாரம் செலவிட்டு மறுபடி மேலேற்றி, செங்குளம் நீர்த்தேக்கத்தில் நிரப்புகிறார்கள். இறங்கின நீரைக் காசு கொடுத்து ஏற்றுவானேன் என்று நண்பர் வியந்தார். ஏற்ற வேண்டிய உயரம் சிறிது. அங்கிருந்து மறுபுறம் வெள்ளத்தூவலுக்கு விழும் உயரமோ அதைப் போலப் பன்மடங்கு. செலவிட்டதைக் கழித்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது. வெள்ளத்தூவலைக் கடந்த நீர், 1961 முதல் நேரியமங்கலத்தில் மீண்டும் ஒரு முறை சக்கரங்களைச் சுழற்றிவிட்டே பெரியாற்றில் கலக்கிறது.