பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருக்கு?

நம்ம பிள்ளைகள் பலர் இங்கே பிஎச்டி செய்கிறார்கள். நாலு வருட உழைப்பு எங்கே இருக்கு என்று கேட்டால், "டிபார்ட்மென்ட் சர்வர்ல. பேக்கப் எடுக்கிறாங்கப்பா" என்பார்கள். அது எந்தக் கட்டடத்தில் என்றும் கேளுங்கள்.

2005 அக்டோபர் 30 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மவுண்ட்பேட்டன் கட்டடம் எரிந்து போனது. சர்வரும், பேக்கப் டேப் அடுக்கிய அலமாரியும் ஒரே கட்டடத்தில் இருந்தால், இப்படி ஒரு நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். யாழ்ப்பாண நூலகத்தை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் சொல்வது 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: வெளியூர்ப் பிரதி நெட்வொர்க்கில் தொங்கிக்கொண்டு இருக்கக் கூடாது. 2019 டிசம்பரில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தை ரான்சம்வேர் தாக்கியபோது, நெட்வொர்க்கில் இருந்த சில பேக்கப்களும் பூட்டப்பட்டன. கடைசியில் 30 பிட்காயின் கொடுத்தார்கள். கழற்றி வைத்த டேப்பை எந்த ஹேக்கரும் தொட முடியாது. பழசு என்று சிரிக்காதீர்கள்.

கியோட்டோ கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. 2021 டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. அழித்தது திருடன் இல்லை, பேக்கப் ஸ்கிரிப்டேதான்! பழைய லாக்குகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புது வெர்ஷனால் மாற்றினார்கள். பாதியில் மாறிய ஸ்கிரிப்ட், லாக்கை விட்டுவிட்டு ஆராய்ச்சி ஃபைல்களை நீக்கியது. 14 குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் டேட்டாவை மீட்கவே முடியவில்லை.

சில துறைகளில் பேராசிரியரே ஹார்ட் டிஸ்க்கை பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் நோயாளிகள் விவரமோ தேர்வு மதிப்பெண்ணோ அதில் இருந்தால், என்கிரிப்ட் செய்யாமல் வாசலைத் தாண்டவே கூடாது. அந்தச் சாவியை அதே சர்வரில் சேமித்தால், சர்வர் போன அன்று பிரதியும் வெறும் இரும்புதான். சாவி இரண்டு பேரிடம், இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக எப்போது ஒரு ஃபைலை அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள்? பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது. பிள்ளையை விட்டு சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள், தீசிஸ் எழுத உட்காரும் முன்பே.