வெயிட் வெஸ்ட் வாங்கப் போகிறீர்களா?

பத்து புல் அப் எடுக்கவே திணறியவர்கூட, விடாமல் பயிற்சி செய்தால் சில மாதங்களில் பதினைந்து, இருபது என்று எடுக்க ஆரம்பித்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான். எண்ணிக்கையை முப்பது, நாற்பது என்று ஏற்றிக்கொண்டே போகலாம். அதனால் தாக்குப்பிடிக்கும் திறன் வளருமே தவிர, பலம் பெரிதாகக் கூடாது. பலம் கூட வேண்டுமானால் தசை தாங்கும் சுமையும் கூட வேண்டும். ஜிம்மில் என்றால் கம்பியில் இன்னொரு பிளேட்டைச் செருகிவிடலாம். மாநகராட்சிப் பூங்காவின் பாரில் தொங்குகிறவர் தன் உடல் எடையைத்தான் கூட்டியாக வேண்டும். அதற்கான கருவிதான், சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் வெயிட் வெஸ்ட்.

யோசனை பழையது. வட இந்திய அகாடாக்களில் கனமான வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கியும் தண்டாலும் எடுப்பது மல்யுத்த வீரர்களின் வழக்கம். காமா பயில்வான் பஸ்கிக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் 95 கிலோ வளையம், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய வெஸ்ட்டுக்கு ராணுவக் கவசமும் ஒரு மூதாதை. 2005-ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட அமெரிக்கக் கடற்படை அதிகாரி மைக்கேல் மர்ஃபி கவசத்தோடு செய்துவந்த பயிற்சி, இப்போது ‘மர்ஃப்’ என்ற பெயரில் கிராஸ்ஃபிட் ஜிம்களில் பிரபலம். ஒரு மைல் ஓட்டம், 100 புல் அப், 200 புஷ் அப், 300 ஸ்குவாட், மறுபடியும் ஒரு மைல் ஓட்டம். அத்தனையும் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வெஸ்ட்டோடு. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வெஸ்ட் தேடுகிறவர்கள் நிறைய. ஆனால், அது தாக்குப்பிடிக்கும் திறனுக்கு வைக்கும் சோதனை. பலத்துக்காக வாங்குகிறவரின் கணக்கு வேறு.

சுமை எங்கே விழுகிறது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ வெஸ்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புல் அப், டிப்ஸ் (இணைக் கம்பிகளில் கையூன்றி இறங்கி ஏறுவது) இரண்டிலும் அந்தப் பத்து கிலோ முழுவதும் கைகள் மேல் வந்து விழும். தரையில் எடுக்கும் தண்டாலில் அப்படி இல்லை. சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் கைகள் தாங்குகின்றன. மீதி கால் விரல்களுக்குப் போய்விடுகிறது. வெஸ்ட் நெஞ்சுப் பக்கம் இருப்பதால் அதன் எடையில் சற்று அதிகப் பங்கு கைகளுக்கு வரும், அவ்வளவுதான்.

ஸ்குவாட்டில் நிலைமை இன்னும் மோசம். நாள் முழுக்க 70 கிலோவைச் சுமந்து நடக்கும் கால்களுக்கு இன்னொரு பத்து கிலோ ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தால் பலன் உண்டு. இரண்டு காலில் எடுத்தால் மூச்சுதான் வாங்கும். ஆக, வெஸ்ட்டை மேல் உடம்புக்கான கருவி என்று நினைத்து வாங்குங்கள். கால் பலத்துக்கு அது போதாது.

மணலா, இரும்பா?

விலையில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். மலிவான வெஸ்ட்களில் மணல் பை இருக்கும். அடுத்த ரகத்தில் இரும்புக் குண்டுகளோ இரும்புத் துண்டுகளோ இருக்கும். எல்லாம் பத்து கிலோதானே என்று தோன்றலாம். உலர்ந்த மணல் பத்து கிலோ, ஆறு லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதே பத்து கிலோ இரும்பு கெட்டியான துண்டுகளாக இருந்தால் ஒன்றேகால் லிட்டர் போதும். சிறு குண்டுகளாக இருந்தால் இடைவெளியையும் சேர்த்து இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். மணல் வெஸ்ட் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்பதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உப்பினால் என்ன கெட்டுப்போகிறது? தண்டாலில் கீழே இறங்கும்போது, நெஞ்சு தரைக்கு வரும் முன்பே பை தரையைத் தொட்டுவிடும். புல் அப்பில் மேலே ஏறி நெஞ்சைப் பாருக்குக் கொண்டுபோகும்போது, பை பாரில் இடிக்கும். டிப்ஸில் முழங்கை பின்னால் போகும் நேரத்தில் அக்குளை உரசும். எடையைக் கூட்டுவதற்காக வாங்கிய பொருள், அசைவின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தை வெட்டிவிடுகிறது. முன்னும் பின்னும் ஒவ்வொரு கெட்டியான பிளேட் வைக்கும் கவச பாணி வெஸ்ட் மெலிதாக இருக்கும், ஆடாது. ஆனால், அதிலும் பிளேட் சற்று மேலே ஏறி உட்கார்ந்தால் கழுத்துப்பட்டை எலும்பில் இடிக்கும்.

என் தேர்வு, சிறுசிறு இரும்புத் துண்டுகளைச் செருகி எடுக்கும் வகை. ஒவ்வொரு துண்டும் ஒரு கிலோ, முடிந்தால் அரை கிலோ. நான்கு கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். எடையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத வெஸ்ட்டைப் பலத்துக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. மூன்று மாதத்தில் அது உங்களுக்குப் போதாது, அல்லது முதல் நாளே அதிகமாக இருக்கும். துண்டுகளை எடுக்கும்போது முன்னால் இரண்டு என்றால் பின்னாலும் இரண்டு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் இடுப்பு வளைந்து முதுகுதான் வலிக்கும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘20 கிலோ வரை’ என்று போட்டிருக்கும். வந்து சேர்வது வெறும் உறையாக இருக்கும். எடைத் துண்டுகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். விளக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். வந்ததும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள்.

மாட்டிப் பார்ப்பது எப்படி?

கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. எடையோடு மாட்டிக்கொண்டு, இரு கைகளையும் காதோரம் நேராகத் தூக்குங்கள். தோள்பட்டைப் பட்டி கழுத்தை நோக்கி நெருக்கினால், புல் அப்பில் நிச்சயம் உறுத்தும். பிறகு நின்ற இடத்தில் நான்கு முறை குதியுங்கள். உடம்பு இறங்கிய பிறகு வெஸ்ட் தனியாக ஒரு முறை இறங்கினால் அது வேண்டாம். கூச்சப்படாமல் தரையில் ஒரு தண்டாலும் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டுப் பட்டியை இறுக்கிய பிறகும் நெஞ்சு நிறைய மூச்சிழுக்க முடிய வேண்டும். கொஞ்சம் இழுபடும் எலாஸ்டிக் பட்டி இதற்கு நல்லது. வெறும் வெல்க்ரோவை விட பக்கிளும் சேர்ந்த பட்டி நீண்ட நாள் உழைக்கும். வியர்வையும் நூல் பிசிறும் ஒட்டிய வெல்க்ரோ சீக்கிரமே பிடிப்பை இழந்துவிடும்.

நம் ஊர் வெயிலும் ஒரு கணக்கு. நெஞ்சும் முதுகும் மூடியிருக்கும்போது வியர்வை காய வழியில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் புழுக்கம் வேறு. உள்பக்கம் வலைத்துணி வைத்ததைப் பாருங்கள். எடையைக் கழற்றிவிட்டு உறையைத் துவைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். முடியாவிட்டால் ஒரே மாதத்தில் நாற்றம் தாங்காது. உப்புக் காற்றில் பெயின்ட் பூசாத இரும்பு துருப்பிடித்துச் சட்டையில் கறை ஏற்றும்.

எவ்வளவு எடை?

சுத்தமாகப் பத்துப் பன்னிரண்டு புல் அப், பதினைந்து டிப்ஸ், இருபத்தைந்து தண்டால் வருகிறவர்களுக்குத்தான் வெஸ்ட். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொந்த எடையே போதுமான சுமை. தொடக்கத்தில் உடல் எடையில் 5 சதவீதம் போதும். 70 கிலோ நபருக்கு மூன்றரை கிலோ. அந்த எடையோடு ஐந்து முதல் எட்டு முறை வரை சுத்தமாக வந்தால் அடுத்த கிலோ. தசை வேகமாகப் பழகிவிடும், முழங்கை தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. அவசரப்பட்டு ஏற்றுகிறவர்களுக்கு முதலில் வலிப்பது முழங்கையின் உள்பக்கம்தான்.

15, 20 கிலோவைத் தாண்டினால் வெஸ்ட்டை விட டிப் பெல்ட் மேல். இடுப்புப் பட்டையில் சங்கிலி கோத்து, அதில் ஜிம் பிளேட்டைத் தொங்கவிடுவது. தோளை அழுத்தாது, மூச்சை அடைக்காது, பிளேட் மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. தண்டாலுக்கு மட்டும் உதவாது. ஏற்கெனவே ஜிம்முக்குப் போகிறவர், புல் அப்பும் டிப்ஸும்தான் நோக்கம் என்றால், வெஸ்ட்டை மறந்துவிட்டு பெல்ட் வாங்கலாம்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் சிலர் வெஸ்ட் மாட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். தேர்வில் கயிறு ஏறுவதற்கான புல் அப் பயிற்சிக்கு அது சரி, ஓட்டத்துக்கு வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதில் கூடுதல் கிலோவைச் சேர்த்தால் முழங்காலும் கணுக்காலும்தான் விலை கொடுக்கும்.

வெஸ்ட் போட்டு நடந்தாலே எலும்பு பலப்படும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2025-ல் ‘ஜாமா நெட்வொர்க் ஓபன்’ இதழில் வெளியான ஆய்வில், உடல் பருமனுள்ள 150 முதியவர்கள் 12 மாத எடைக் குறைப்புத் திட்டத்தில் பங்கேற்றனர். வெஸ்ட் அணிந்த பிரிவினருக்கும் இடுப்பு எலும்பின் அடர்த்தி குறையத்தான் செய்தது. கழுத்து, தண்டுவட டிஸ்க், இதயப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. முதுகோடு இறுக்கிக் கட்டிய பையில் நான்கு பாட்டில்களை ஆடாமல் அடுக்கி, இரண்டு வாரம் புல் அப்பும் தண்டாலும் எடுங்கள். மூன்றாவது வாரமும் அந்தப் பையைத் தேடி எடுத்தீர்களானால், தாராளமாக வெஸ்ட் வாங்குங்கள்.