முதற் பருவத்துக்கு ஒரு திட்டம்

ஜூன் மாதத்தில் பாடசாலை திறந்தால் செப்டம்பர் வரையில் முதற் பருவம். 2012-இல் முப்பருவ முறை வந்தபின் குழந்தைகளின் புத்தகச் சுமை குறைந்தது, நல்ல காரியம். ஆயினும், புத்தகத்தின் பக்கங்களை வாரக் கணக்கில் பங்கிட்டுவிட்டால் அது திட்டமாகிவிடாது.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள தோல் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் தாய்மார் பலர் ஷூ கம்பெனிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். மாலையில் களைத்துத் திரும்பும் தாயிடம், "பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடு, அம்மா" என்பது என்ன நியாயம்? வீட்டுப் பாடத்தை நம்பிப் போட்ட திட்டம் இங்கே முதல் வாரத்திலேயே படுத்துவிடும். அன்றியும், பல வீடுகளில் பேச்சு உருது. தமிழ்ப் பள்ளியில் சேரும் அவ்வீட்டுக் குழந்தைக்கு எழுத்து மட்டுமா, சொல்லே புதிதல்லவா?

ஆகவே, முதல் மூன்று வாரங்களைக் கதைக்கும் பாட்டுக்கும் பேச்சுக்குமே விட்டுவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எழுத்து அதன் பிறகு வரட்டும். இரண்டாம் வாய்பாட்டுக்கோ, வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்பு ஜோடிகளே போதும். ஜோடிக் கணக்கு அவ்வூர்ப் பிள்ளைகளின் காதில் அன்றாடம் விழுவதுதானே!

கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய ஆரம்ப வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்தறியாமலே மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகள் பலர். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் அறிந்த அளவைக் கொண்டே பிரித்தது. அதுவே முறை. நாம் கூடுதலாகக் கேட்பது ஒன்று: வெள்ளிக்கிழமைகளில் புதுப் பாடம் வேண்டாம். அந்நாள் முழுவதும் அரும்புக் குழந்தைகளுக்கே உரியதாகட்டும்.